திரையில் கோடு விழுந்தால் நல்ல செய்தி

1989-ல் வெளிவந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் எஸ்இ/30 கணினி ஒன்றை, பல வருடம் மூடிவைத்திருந்தபின் எடுத்து சுவிட்ச் போடுகிறீர்கள். வழக்கமாகக் கேட்க வேண்டிய வரவேற்பு ஒலி இல்லை. ஒன்பது அங்குலத் திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக, பாய் விரித்ததுபோல் கிடைக்கோடுகள். "போர்டு போச்சு" என்று பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கோ அந்தக் கோடுகளைப் பார்த்தால் நிம்மதி. போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், எதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்பதை அவை சொல்லிவிடுகின்றன.

எப்படி என்று பார்ப்போம். இந்தக் குடும்பத்துச் சிறிய மெக்கின்டாஷ்களின் திரையில் 512 புள்ளி அகலம், 342 வரி உயரம். லாஜிக் போர்டில் ஒரு கடிகாரச் சுற்று நொடிக்கு 1,56,67,200 முறை துடிக்கிறது, அதாவது 15.6672 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புள்ளி. படக்குழாயில் படத்தை வரையும் எலெக்ட்ரான் கதிர் வலது ஓரம் போய் மறுபடி இடது ஓரம் திரும்பும் நேரத்தையும் சேர்த்து வரிக்கு 704 துடிப்பு. மேலே ஏறும் நேரத்தையும் சேர்த்து ஒரு படத்துக்கு 370 வரி. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 60.15 படம். இந்தக் கணக்கை எண்ணிக்கொண்டே இருக்கும் சுற்றுகள் ஓடினால்தான் திரையில் படம் நிலையாக நிற்கும். எஸ்இ/30-ல் 68030 பிராசஸரும் இதே வேகத்தில்தான் ஓடுகிறது.

ஆகவே கோடுகள் ஆடாமல் நிற்கின்றன என்றால் சப்ளை வந்திருக்கிறது, கடிகாரம் துடிக்கிறது, வீடியோ எண்ணிகள் எண்ணுகின்றன, வீடியோவுக்கென்று தனியாக உள்ள 64 கிலோபைட் நினைவகம் படிக்கப்படுகிறது, பின்னால் இருக்கும் திரைச் சுற்றும் நலம். அவ்வளவையும் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டோம், ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல்.

அப்படியானால் கோடு எங்கிருந்து வருகிறது? டைனமிக் ரேம் என்ற தற்காலிக நினைவக ஐசி ஒன்றில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்னூட்டமாக இருக்கிறது. சப்ளை வந்த கணத்தில் எல்லா அறைகளும் கிட்டத்தட்ட காலி. ஆனால் ஐசியின் உள் அமைப்பில் பாதி வரிசைகள் நேராகவும் மீதி வரிசைகள் தலைகீழாகவும் படிக்கப்படுவதால், காலி அறையே சில வரிசைகளில் 0 ஆகவும் மற்றவற்றில் 1 ஆகவும் தெரிகிறது. அந்த மாறி மாறி வரும் வரிசைகளைத்தான் திரையில் பட்டையாகப் பார்க்கிறோம். இயல்பான மெஷினில் ரோமில் (அழியாத நிரந்தர நினைவகத்தில்) உள்ள நிரல் ஓடத் தொடங்கியதும் இதைத் துடைத்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். இங்கே துடைக்க ஆள் வரவில்லை, அல்லது துடைக்க எழுதியது நினைவகத்துக்குப் போய்ச் சேரவில்லை. பழுதைத் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது.

இனி அந்த ஆள் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. 68030 உள்ளிட்ட 68000 குடும்பத்துப் பிராசஸர் எழுந்ததும் செய்கிற முதல் காரியம் எளிமையானது. முகவரி 0-ல் இருந்து ஸ்டாக் (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கி வைக்கும் இடம்) எங்கே என்று ஒரு எண்ணைப் படிக்கும், முகவரி 4-ல் இருந்து நிரல் எங்கே தொடங்குகிறது என்று இன்னொரு எண்ணைப் படிக்கும், அங்கே தாவும். அந்த நேரத்துக்கு மட்டும் ரோம், தன் வழக்கமான இடத்தை விட்டு முகவரி 0-லும் தெரியும்படி மெக்கின்டாஷில் ஏற்பாடு இருக்கிறது. இந்த இரண்டு எண்களில் ஒரே ஒரு பிட் தவறிப் படிக்கப்பட்டாலும் பிராசஸர் இல்லாத ஊருக்குப் போய்விடும். எஸ்இ/30-ல் ரோம், 64 பின் கொண்ட ஒரு சின்னப் பலகையாகச் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறது. அதன் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி செருகியதுமே மெஷின் ஓடிவிடுவது உண்டு. ரேம் பலகைகளையும் அப்படியே பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் 8 பிட், பிராசஸரின் தரவுப் பாதைக்கு 32 பிட். ஆகவே நான்கு பலகை சேர்ந்தால்தான் ஒரு வரிசை. ஒன்று லூஸ் காண்டாக்ட் என்றால் நான்கும் வீண்.

அதற்குமேல் போக வேண்டியிருந்தால் வரிசை மாறாமல் போவேன்: சப்ளை, கடிகாரம், ரீசெட், அதற்குப் பிறகுதான் பஸ், அதாவது ஐசிகளுக்கு நடுவே தரவும் முகவரியும் போகும் கம்பித் தொகுப்பு. சப்ளையைப் பவர் யூனிட்டின் வாயில் அளந்து திருப்திப்படக் கூடாது. போர்டில், ஐசியின் காலிலேயே அளக்க வேண்டும். 5 வோல்ட் என்றால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரீசெட் கம்பி, சுவிட்ச் போட்டதும் கொஞ்ச நேரம் தாழ்ந்து நின்று, பிறகு உயர வேண்டும். உயராமலே கிடந்தால் பிராசஸர் தூக்கத்திலேயே இருக்கும். ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மெஷின்களில் படக்குழாயின் பக்கவாட்டுத் தொப்பியில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது, அணைத்த பிறகும் மிச்சம் நிற்கலாம். குழாயை முறைப்படி டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் பெட்டிக்குள் கைவிடவே வேண்டாம்.

போர்டை வெளியே எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சின்ன டப்பா மாதிரி நிற்பவை எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். எஸ்இ/30-ல் பெரும்பாலானவை 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். அவற்றைச் சுற்றி உள்ள ஈயம் பளபளப்பில்லாமல் மங்கிய சாம்பலாக இருக்கிறதா? போர்டில் எண்ணெய் சிந்தியதுபோல் ஈரப் பளபளப்பு இருக்கிறதா? பக்கத்து ஐசியின் கால்களில் பச்சை படிந்திருக்கிறதா? நோய் அதுதான்.

இந்தக் கெப்பாசிட்டரின் உள்ளே அலுமினியத் தகடும், திரவம் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. தகட்டின் மேல் படர்ந்த மெல்லிய ஆக்சைடுதான் மின்தடுப்பு. திரவம் இன்னொரு மின்முனை. அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. 1980-களின் பிற்பகுதியில் வந்த பரப்பில் ஒட்டும் வகைக் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் பயன்பட்ட திரவத்தில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு இருந்தது. மின்கடத்தலுக்கு அது அருமை. ஆனால் எதிர்முனைக் கம்பியின் அருகே நாளடைவில் காரத்தன்மை கூடி, அடைப்பின் பிடி தளர்ந்து, திரவம் கசியத் தொடங்கும். எந்த ஒரு கம்பெனியின் கோளாறும் இல்லை. அந்தக் காலத்தில் பல நாட்டு மெஷின்களுக்கும் வந்த பொது வியாதி.

கசிவு இரண்டு விதமாகக் கெடுக்கிறது. கெப்பாசிட்டர் காலியாவதால் சப்ளை அலைபாய்கிறது. ஒலிப் பாதையில் உள்ளவை காலியானால் சத்தம் கிசுகிசுப்பாகிவிடும். 'சத்தம் ரொம்பக் குறைவா இருக்கு' என்பது பெரும்பாலும் மெஷின் முழுசாகச் சாவதற்கு முன் சொல்லும் முதல் புகார். இரண்டாவது கெடுதல் இன்னும் மோசம்: சிந்திய திரவம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே திருட்டுப் பாலம் போடும். போர்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் நுண்துளைகளுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் உள்சுவரைத் தின்றுவிடும்.

ஆகவே முதலில் கழுவல். சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் ஆல்கஹால், பிறகு முழுசாகக் காயவிடுதல். போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று பதற வேண்டாம். மின்சாரமும் பேட்டரியும் இல்லாத போர்டுக்குத் தண்ணீர் எதிரியல்ல, உள்ளே தங்கும் ஈரம்தான் எதிரி.

பழைய கெப்பாசிட்டரைச் சூடாக்கினால் மீன் வாடை வரும். அமீன்கள் ஆவியாகும் வாடை. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அரிப்பு ஏறிய செம்புத் தளம் காகிதத்தைவிடச் சற்றே பலமாகத்தான் போர்டில் ஒட்டியிருக்கும். இழுத்தால் தளமே கையோடு வந்துவிடும். புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, இரண்டு சால்டரிங் அயர்னால் இருபக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கி, தானாக மிதக்கும்போது தூக்க வேண்டும். சிலர் பிளையரால் பிடித்து முறுக்கிக் கழற்றுகிறார்கள். பழகிய கைக்கு அது சரிவரும். நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

புதிதாக டான்டலம் வகை போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய அலுமினிய டப்பாவின் தலையில் உள்ள கறுப்புப் பட்டை எதிர்முனையைக் காட்டும். டான்டலத்தின் மேல் உள்ள பட்டையோ நேர்முனையைக் காட்டும். பட்டைக்குப் பட்டை பொருத்தி வைத்தால் எல்லாமே தலைகீழ். தலைகீழாக மின்சாரம் பாய்ந்த டான்டலம் ஷார்ட் ஆகித் தீப்பற்றவும் கூடும். போர்டில் அச்சிட்ட கூட்டல் குறியை மட்டும் நம்புங்கள்.

கெப்பாசிட்டர்களை மாற்றியும் கோடு போகவில்லை என்றால், இப்போதுதான் உண்மையான துப்பறியும் வேலை. சர்க்கியூட் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் போட்டு, கசிவு நடந்த இடத்தைக் கடந்து செல்லும் ஒவ்வொரு ட்ராக்கையும் (போர்டில் பதிந்த செம்புக் கோட்டையும்) இரு முனையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசிமுனையை ஈயத்தின் மேல் வைக்காமல் ஐசியின் காலிலேயே வைக்க வேண்டும். காலுக்கும் ஈயத்துக்கும் நடுவிலேயே தொடர்பு அறுந்திருக்கலாம். பத்து ட்ராக் பீப் அடிக்கும், பதினொன்றாவது மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைக் கேட்கும்போது வருகிற சந்தோஷத்தை வேறு எதோடும் ஒப்பிடத் தெரியவில்லை. கால் மில்லிமீட்டர் கம்பி ஒன்றை எடுத்து, அறுந்த இடத்தைத் தாண்டி இரு முனைக்கும் நடுவே பற்றவைத்தால் போதும்.

பேட்டரி கசிந்த போர்டு தனி வகை. அமிகா 2000 போன்ற கணினிகளில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதற்கு நீர்த்த வினிகர். பழைய மெக்கின்டாஷ்களின் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வெடித்தால் உள்ளிருக்கும் தயோனில் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. அதற்குச் சமையல் சோடா. மாற்றிப் போட்டால் சமன் செய்யாது, கூட்டிவிடும். கழற்றாத பேட்டரியோடு ஒரு பழைய மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கிறது. தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள்.

சில மெஷின்கள் தம் நோயைத் தாமே எழுதிக் காட்டும். 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷில் 16 ரேம் ஐசிகள், ஒவ்வொன்றும் 16 பிட் பாதையில் ஒரே ஒரு பிட்டுக்குப் பொறுப்பு. பழுதானால் சோக முகப் படத்தின் கீழே ஆறு இலக்கக் குறியீடு வரும். முதல் இரண்டு இலக்கம் 01 என்றால் ரோம் சோதனையில் தோல்வி. 02 முதல் 05 வரை என்றால் ரேம். கடைசி நான்கு இலக்கம் எந்த ஐசி என்பதைச் சொல்லும். உதாரணமாக 030008. கடைசி 8-ஐ இரும எண்ணாக எழுதினால் 1000. வலமிருந்து 0, 1, 2, 3 என்று எண்ணினால் 3-ஆம் பிட். அந்த ஒரு ஐசியை மாற்றினால் போதும்.

எதுவுமே சொல்லாத மெஷினுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1977-ல் வந்த ஆப்பிள் II-வில் உள்ள 6502 போன்ற எளிய பிராசஸரில் தரவுக் கம்பிகளைப் போர்டிலிருந்து பிரித்து, 11101010 என்ற எண் எப்போதும் நிற்கும்படி ரெசிஸ்டர்களால் கட்டிவிடுவார்கள். 6502-க்கு அந்த எண்ணின் அர்த்தம் 'சும்மா இரு'. எங்கே படித்தாலும் 'சும்மா இரு' என்றே வருவதால் அது ஒவ்வொரு முகவரியாக 65,536 வரை எண்ணிக்கொண்டே போகும். ஒவ்வொரு முகவரிக் கம்பியும் முந்தையதைவிடப் பாதி வேகத்தில் துடிக்கும். 1 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் கடைசிக் கம்பி நொடிக்கு ஏழெட்டு முறைதான். ஒரு எல்இடி வைத்தால் கண்ணாலேயே எண்ணலாம். எந்தக் கம்பி வரிசை தவறுகிறதோ, அல்லது இரண்டு கம்பி ஒரே மாதிரி துடிக்கிறதோ, பழுது அங்கே.

மறுபடி நம் எஸ்இ/30-க்கு வருவோம். அறுந்த ட்ராக்குக்குக் கம்பி போட்டாயிற்று. பற்றவைத்தபின் மிஞ்சிய ஃப்ளக்ஸ் பசையை ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. ஷார்ட் ஏதும் இல்லை என்று 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒருமுறை அளந்தாயிற்று. சுவிட்ச் போட்டால் ஒரு கணம் அதே கோடுகள் தோன்றும். அடுத்த கணம் ஒலி, அதோடு கோடுகள் அழிந்து திரை சாம்பலாகும். சில நொடி கழித்து நடுவில் ஃபிளாப்பி படம், அதற்குள் மினுக்கும் கேள்விக்குறி. ரோம் படிக்கப்பட்டு, ரேம் சோதிக்கப்பட்டு, திரை துடைக்கப்பட்டு, இப்போது அது டிஸ்க் எங்கே என்று கேட்கிறது.