சிங்களம் தெரியாமல் பிரதேச சபை உறுப்பினராக இருக்கலாமா?

இருக்கலாம். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னும் பின்னும் மலையகத்தில் பலர் என்னிடம் இதைக் கேட்டார்கள், கேட்டவர்களில் பாதிப்பேர் வேட்புமனுவில் கையெழுத்துப் போடவே தயங்கியவர்கள், அதனால்தான் முதல் வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டேன். இலங்கையில் உள்ளூராட்சி வேட்பாளருக்கு மொழிப் பரீட்சை எதுவும் இல்லை. சான்றிதழ் காட்டத் தேவையில்லை. படிப்புத் தகுதியும் கேட்பதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம், வென்று உள்ளே போன பிறகு உங்களுக்கு இருக்கிற உரிமை. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரையைப் பாருங்கள். பாராளுமன்ற உறுப்பினரோ மாகாண சபை உறுப்பினரோ உள்ளூராட்சி மன்ற உறுப்பினரோ, அந்தந்தச் சபையில் தன் கடமைகளைத் தேசிய மொழிகள் இரண்டில் எதிலும் செய்ய உரித்துடையவர் என்று அது சொல்கிறது. தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும் என்பது 19ஆம் உறுப்புரை. இதில் மாகாண வித்தியாசம் கிடையாது. பதுளையில் தமிழ் உறுப்பினருக்கு இருக்கிற அதே உரிமை வவுனியாவில் சிங்கள உறுப்பினருக்கும் உண்டு. சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் அனுமதி கொடுத்தால்தான் தமிழில் பேசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அவர் தருகிற சலுகை இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஒன்றையாவது பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. லாத்வியாவில் 1997 உள்ளூராட்சித் தேர்தலில் ரீகா நகரசபைக்கு நின்ற ஒரு ஆசிரியையின் கையில் லாத்விய மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் இருந்தது. அப்படியிருந்தும் திரும்பப் பரீட்சை வைத்து, மொழி போதாது என்று பெயரை வெட்டினார்கள். அது தவறு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2001இல் சொன்னது. நமக்கு அந்தத் தடை வாசலில் இல்லை. உள்ளே போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு சபைக் கூட்டத்தைப் பார்வையாளர் வாங்கிலில் இருந்து பார்த்தேன், சபையின் பெயர் வேண்டாம். தோட்டத்திலிருந்து தெரிவான ஒரு அக்கா எழும்பி, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வருகிற தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று கிழமை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஓடையில் அள்ளுகிறார்கள் என்று நல்ல தமிழில், தோட்டத்தின் எந்த டிவிசன், எத்தனை குடும்பம் என்று கணக்கோடு சொன்னார். உரைபெயர்ப்பாளர் இல்லை. பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒரு நிமிஷத்தில் சுருக்கிச் சிங்களத்தில் சொன்னார். அடுத்த மாதம் சிங்களத்தில் வந்த கூட்டறிக்கையில் “நீர்ப் பிரச்சினை பற்றிக் கதைத்தார்” என்கிற பொருளில் ஒற்றை வரி. டிவிசன் பெயரும் இல்லை, குடும்பக் கணக்கும் இல்லை. அந்த அறிக்கையை அவர் வீட்டில் மகளிடம் கொடுத்துத்தான் வாசித்துத் தெரிந்துகொண்டார்.

கூட்டறிக்கையில் ஏறாத கோரிக்கைக்குப் பணம் ஒதுங்காது. தோட்டப் பகுதிக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தம் வந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து வந்த வழியை மொழிபெயர்ப்பு இல்லை என்ற காரணத்துக்காக இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பதிவுகள் ஏன் சிங்களத்தில் இருக்கின்றன? 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் பதிவேடுகள் தமிழில், மற்ற மாகாணங்களில் சிங்களத்தில். சிறுபான்மை மொழி பேசுவோர் கணிசமாக இருக்கிற பிரதேச செயலகப் பிரிவுகளில் இரண்டு மொழியும் நிர்வாக மொழி என்று ஜனாதிபதி பணிக்கலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரிவுகளுக்கு 1999இல் அப்படி அறிவித்தார்கள். உங்கள் பிரிவு அதில் வருகிறதா என்று முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வந்தால் உங்கள் கை இன்னும் பலம். வராவிட்டாலும் 20ஆம் உறுப்புரை அப்படியே இருக்கிறது, அதோடு மொழிகளைப் பயன்படுத்தப் போதிய வசதியை அரசு செய்து கொடுக்க வேண்டும் என்று 25ஆம் உறுப்புரையும் சொல்கிறது. மற்ற மொழியைக் கற்கும் கட்டாயம் அரசு ஊழியருக்குத்தான். 2007 சுற்றறிக்கை புதிதாகச் சேர்கிற ஊழியர்களுக்கு ஐந்து வருஷ அவகாசம் கொடுத்தது. மக்கள் தெரிவுசெய்த உறுப்பினருக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். நிகழ்ச்சி நிரலும் கூட்டறிக்கையும் தமிழில் வேண்டும், கூட்டத்தில் உரைபெயர்ப்பு வேண்டும் என்று செயலாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள், தவிசாளருக்குப் பிரதி போடுங்கள், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். பேசப் போவதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், பேசி முடித்ததும் கூட்டறிக்கையோடு இணைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அந்த அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார், அவர் சொன்ன கணக்கை இனி யாரும் ஒற்றை வரியாக்க முடியாது.

பதில் வராவிட்டால் உள்ளூராட்சி உதவி ஆணையாளர், அப்புறம் அரசகரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான இந்த ஆணைக்குழு முறைப்பாடுகளை விசாரிக்கும், தமிழில் எழுதினால் போதும். மொழி உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு மாதம் ஓடிவிடும், அதனால் மறுப்பு வந்த அன்றே சட்டத்தரணி ஒருவரிடம் பேசிவிடுங்கள்.