தழும்பு முற்றும் வரை

"மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அவரை நடக்க விடலாமா, படுக்க வைக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (ஸ்டென்ட் என்பது அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்.) நடக்கத்தான் வேண்டும், ஆனால் மெதுவாகத் தொடங்கி. ஏன் மெதுவாக என்பதற்கான விடை இதயச் சுவருக்குள் இருக்கிறது.

இரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே தசைச் செல்கள் இறக்கத் தொடங்கும். போன தசை திரும்ப வளராது. அந்த இடத்தைத் தழும்பால்தான் மூட முடியும். முதல் நாளிலேயே வெள்ளணுக்கள் குவிகின்றன. பின்னால் வரும் மேக்ரோபேஜ்கள் இறந்த செல்களை விழுங்கி இடத்தைக் காலிசெய்கின்றன. மூன்றாம் நாள் தொடங்கி ஒரு வாரம் வரை, பழைய தசையும் இல்லை, புதிய நாரும் வந்து சேரவில்லை. சுவர் மிகவும் இளகியிருக்கும் காலம் அது. வலி நின்று, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளி எழுந்து நடமாட நினைப்பதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான்! அடைப்பை உடனே திறந்துவிட்டால் சேதம் குறையும், ஆபத்தும் குறையும்.

அடுத்து ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்கின்றன. முதலில் மெல்லிய நார்கள். பிறகு அவற்றின் இடத்தில் தடித்த நார்கள், அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள். தழும்பு உறுதிப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முறிந்த எலும்பை அசையாமல் கட்டிவைக்கலாம். இதயமோ நாளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்துக்கொண்டே இந்த வேலையை முடிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்படியானால் படுத்தே இருக்கலாமே? ஒரு காலத்தில் வாரக்கணக்கில் அப்படித்தான் கிடத்தினார்கள். கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்து, நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறித்தது. அமெரிக்க இதய மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்து, 1952இல் அதன் பலனை வெளியிட்டார்கள்.

நடைப்பயிற்சி தழும்பைத் தசையாக்காது. பயிற்சி பெற்ற கால் தசைகள் இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுக்கப் பழகுகின்றன. அதே தூரத்தை நடக்க இதயம் குறைவாக உழைத்தால் போதும். புகையை அன்றே விட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது: இரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் மாத்திரை நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே உறைகட்டி உருவாகலாம்.

ஸ்டென்ட் வைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்காவது, மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போக வேண்டும். அப்பாவைப் பயிற்சிக்கு அனுப்பும் முன்பே அதைப் பற்றி மருத்துவமனையில் கேளுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் தொடக்கத்துக்குப் போதும். நெஞ்சு இறுகினால் நின்றுவிட வேண்டும்; சில நிமிடங்களில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.