ஏரிக்குப் பக்கத்தில் மனை: ‘அப்ரூவ்டு’ என்றால் எதையெல்லாம் பார்த்திருப்பார்கள்?

‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றது) என்று பலகை வைத்துவிட்டால் போதும், ஏரியை ஒட்டிய மனையாக இருந்தாலும் பலர் மறுகேள்வி கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அனுமதி எதைப் பார்த்துத் தரப்படுகிறது, எது அதில் அடங்காது என்பதை வாங்குகிறவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சென்னைப் பெருநகர எல்லைக்குள் சி.எம்.டி.ஏ.வும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் மனைப்பிரிவு வரைபடத்தை ஆராய்கின்றன. அதற்குப் பிறகு உள்ளாட்சி இறுதி அனுமதி தரும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. சாலை அகலம், மனை அளவு எல்லாம் அதில் இருக்கும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அதற்குப் பதில் பணம் கட்ட முடியாது.

நிலம் தாழ்வாகவோ நீர்நிலையை ஒட்டியோ இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், எல்லாக் காகிதத்திலும் முதலில் படிக்கவேண்டியது இதைத்தான். நிலத்தை எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும், நடுவில் ஓடும் வாய்க்காலைப் புல வரைபடத்தில் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) உள்ள அகலத்துக்குக் குறையாமல் விடவேண்டும், சாலை அதைக் கடக்கும் இடத்தில் சிறுபாலம் கட்டவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். மண் கொட்டி உயர்த்தினால் அந்த மனைக்குள் தண்ணீர் வராது, சரி. ஆனால் அது வரை அங்கே தேங்கிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும். வாய்க்கால் நிபந்தனையை மட்டும் காற்றில் விட்டால் அடுத்த மழையில் மாட்டிக்கொள்வது அங்கே முன்பே குடியிருப்பவர்கள்.

அப்புறம், 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் உள்ள அல்லது அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கு இவை பொருந்தும். விதிகள் வருவதற்கு முந்தைய 10 ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே இந்த விதிகள் விலக்குகின்றன. நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள்! அவற்றுக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. அது ஏரியின் எல்லைக்குள் ஆக்கிரமிப்பதைத் தடுக்கும். எல்லைக் கல்லுக்கு வெளியே பட்டா நிலம் என்றால் அதைச் சொல்லி நிறுத்துவது கடினம். இந்த ஓட்டையை அரசு அடைத்தே ஆகவேண்டும்.

சென்னையின் பள்ளிக்கரணை கதை வேறு. சுமார் 1,247 எக்டேர் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமானது. அதன் தாக்க மண்டலத்தை, அதாவது சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியை, வரையறுக்கும் வரை, தலத்துக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவிலும் புதிய அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது.

வாங்கப் போகிறவர்கள் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணும் பக்கத்து எண்களும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி புறம்போக்கு என்று இருந்தால், புல வரைபடத்தையும் அனுமதி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் ஓடும் வாய்க்கால் இரண்டாவதில் காணோம் என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். தடையின்மைச் சான்றின் நகலை விற்பவர் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மனைப்பிரிவு அனுமதிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. 50 எக்டேருக்குக் குறைந்த வெறும் மனைப்பிரிவு பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதிக்கும் போகாது. முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் ‘மாஸ்டர் பிளான்’) உள்ள பகுதியில் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்கும்போது நாளிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபணையை அப்போதே, சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம்.