‘தவறி விழுந்தார்’ என்று எழுதும் முன்: ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறி அண்மையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் இரு முன்கைகளிலும், சுண்டுவிரல் பக்கமாக, நீளவாக்கில் கன்றிப்போன தடங்கள் இருந்தன. அடியைத் தடுக்கக் கைகளை உயர்த்துகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் காயம் படும். வழுக்கி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கையிலோ முட்டியிலோ இடுப்பிலோ படும். படிவத்தில் ‘தவறி விழுந்தார்’ என்று மட்டுமே இருந்தது. அவரை அழைத்துவந்த ஊழியரைத் தனியே விசாரித்தபோது, கூடத்தில் வளையல் துண்டுகள் சிதறிக் கிடந்ததையும், குளியலறைத் தரை காய்ந்திருந்ததையும், கேட்ட கேள்விக்கெல்லாம் கணவரே முந்திக்கொண்டு பதில் சொன்னதையும் தயங்காமல் விவரித்தார். ஏன் எழுதவில்லை என்றேன். “குடும்ப விஷயம் டாக்டர், எழுதினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

விபத்துப் பதிவேட்டில் பதிவதும், அதாவது நாம் ஏ.ஆர். என்ட்ரி என்று சொல்வதும், முதல் தகவல் அறிக்கையும் ஒன்றல்ல. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் கண்டதை எழுதிய மாத்திரத்தில் யாரும் கைதாகிவிடுவதில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் வழியே ஒரு பெண் பாதுகாப்பு ஆணை, வசித்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கோரலாம். கணவரைச் சிறைக்கு அனுப்பாமலே இவற்றைப் பெற முடியும் என்பது நம்மில் பலருக்கே தெரியாது. அவர் இன்று எதையும் கோராமல் வீடு திரும்பிவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றப் படியேறும்போது, அன்று முதல் ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்ட குறிப்பைத்தான் தேடுவார்கள். ‘தவறி விழுந்தார்’ என்ற உங்கள் இரண்டு சொற்கள் அப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் இருக்கும். நல்லெண்ணத்தோடு, இதற்கென அரசு நியமித்துள்ள பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருகிறவர்மீது சிவில், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் வேலைக்கு ஆபத்து என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள்.

எழுதும்போது தீர்ப்பு எழுத வேண்டாம். ‘கணவர் அடித்திருக்கலாம்’ என்பது உங்கள் ஊகம். ‘கணவர் கட்டையால் அடித்ததாக நோயாளி கூறினார்’ என்பது பதிவு. அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, நேரத்தோடு எழுதுங்கள்.

கழுத்தைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் பலருக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அவர்களாகவும் சொல்ல மாட்டார்கள். “கழுத்தில் யாராவது கை வைத்தார்களா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா?” என்று நேராகக் கேட்டால் மட்டுமே தலையசைப்பார்கள். குரல் கரகரத்தல், எச்சில் விழுங்க வலித்தல், இமையின் உட்புறத்தில் சிவந்த புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் கழிந்திருத்தல் ஆகிய எதைக் கண்டாலும் கையளிக்கும்போது அதை முதலில் சொல்லுங்கள். விரலில் மாட்டிய கருவி ரத்த ஆக்சிஜன் அளவை 98 என்று காட்டுகிறது என்பது எவ்வகையிலும் ஆறுதல் அல்ல. கழுத்துக்குள் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் ஏறலாம். தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாட்கள் கழித்தும் வரலாம்.

இவற்றையெல்லாம் கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கையில் கேட்கக் கூடாது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடன் வருபவரை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவையுங்கள். விதிமுறை என்று சொல்லுங்கள், வாதாட வேண்டாம். கணவரைக் கண்டிக்க ஒருபோதும் முனையாதீர்கள். அதற்கான தண்டனையை வீடு திரும்பிய பிறகு அந்தப் பெண்தான் அனுபவிப்பார். “ஏன் இன்னும் அவரோடு இருக்கிறீர்கள்?” என்று கேட்பதையும் நிறுத்துங்கள். பிரிந்து போக முற்படும் காலமே பல பெண்களுக்கு மிகவும் ஆபத்தான காலம். வீட்டுக்குள் ஆயுதமோ குடிவெறியோ இருந்தால், காவல்துறை வரும்வரை நீங்களும் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லப்படும் தீக்காயங்களில், உச்சந்தலையிலும் முதுகிலும் மண்ணெண்ணெய் வாடை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அத்துணிகளைக் கத்தரித்து எடுத்தால் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியிலோ உலோக டப்பாவிலோ போட்டு மூடுங்கள், காகித உறையிலோ சாதாரண பிளாஸ்டிக் பையிலோ வேண்டாம். வழியில் அவர் சொல்வதே அவரது கடைசி வாக்குமூலமாகிவிடக்கூடும். அது நீதிபதியிடம் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உங்களிடம் சொன்னதும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 26ஆம் பிரிவின்படி சாட்சியமாகலாம். எலி பேஸ்ட் சாப்பிட்டவரை ‘சும்மா மிரட்டினாள்’ என்று உறவினர் சொன்னால் அதை நம்பி இறக்கிவிட்டு வராதீர்கள்; முதல் நாள் நன்றாக இருந்து, பின்னர் கல்லீரல் கைவிட்டுவிடக்கூடும்.

181 என்ற மகளிர் உதவி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தச் சீட்டு யார் கையில் சிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மூன்று இலக்கம்தான், வாயால் சொல்லி மனத்தில் பதியவையுங்கள். சில நாட்கள் தங்க இடமும் சட்ட உதவியும் தரும் ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் தயவுசெய்து இன்றே விசாரித்து வையுங்கள்.

வரமாட்டேன் என்று மறுக்கும் பெண்களும் இருப்பார்கள், கட்டாயப்படுத்த முடியாது. மூச்சுத் திணறல், வாந்தி, கடுந்தலைவலி வந்தால் உடனே அழைக்கச் சொல்லி, மறுத்ததையும் பார்த்த காயங்களையும் எழுதிவிட்டு வாருங்கள். அதே வீட்டிலிருந்து மறுநாளும் அழைப்பு வந்தால் ‘நேற்றுதானே போனோம்’ என்று சலித்துக்கொள்ளாமல் போங்கள்.