மரண தண்டனை செல்லாது என்று அமெரிக்க மாநில நீதிமன்றம் சொல்ல முடியுமா?

வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் மரண தண்டனையை ரத்து செய்தது. ஆனால் டெக்சாஸில் இன்றும் தண்டனையை நிறைவேற்றுகிறார்கள். ஒரே நாட்டில் இது எப்படி என்று கேட்டால், அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சாசனம் உண்டு என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நமக்கு இருப்பது ஒரே சாசனம் என்பதால் இது சட்டென்று பிடிபடாது.

கேள்விக்கு நேர் பதில்: முடியும். ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்குமா என்பது, எந்தச் சாசனத்தை வைத்து எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சாசனத்தின் எட்டாவது திருத்தம், கொடூரமானதும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனை கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்பை எந்த மாநிலமும் குறைக்க முடியாது, கூட்டிக் கொடுக்கலாம். தன் சாசனத்தை மட்டும் வைத்து மாநில நீதிமன்றம் கூட்டிக் கொடுத்தால், அதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிடாது.

கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். அந்த மாநிலச் சாசனத்தில் இருந்தது 'கொடூரமான அல்லது வழக்கத்துக்கு மாறான' என்ற வாசகம். 'அல்லது' என்று இருப்பதால் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்று 1972 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 6-1 என்ற கணக்கில் மரண தண்டனையை நீக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தண்டனை ஆயுளாக மாறியது. 1969-ல் நடந்த தொடர் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட சார்லஸ் மேன்சனும் அதில் ஒருவர். ஒரு சின்னச் சொல் இத்தனை பேரைக் காப்பாற்றும் என்று அதை எழுதியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து, மரண தண்டனை செல்லும்படி மாநிலச் சாசனத்தையே திருத்திவிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொட முடியாத தீர்ப்பை வாக்குச்சீட்டு தொட முடியும்.

கன்சாஸின் கதை வேறு. தண்டனையைக் கூட்டும் காரணங்களும் குறைக்கும் காரணங்களும் சமமாக நின்றால் மரண தண்டனைதான் என்றது அந்த மாநிலச் சட்டம். அது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. ஆனால் எட்டாவது திருத்தத்தை வைத்துச் சொன்னது. அந்தத் திருத்தத்துக்கு என்ன பொருள் என்பதில் கடைசி வார்த்தை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துடையது. 2006-ல் அது 5-4 என்று தீர்ப்பைப் புரட்டிப் போட்டது.

வாஷிங்டன் நீதிபதிகள் தங்கள் மாநிலச் சாசனத்தை வைத்தே எழுதினார்கள். அதிலும் கவனமாக, மரண தண்டனையே தவறு என்று சொல்லவில்லை. அது இன பேதத்தோடும் மனம்போன போக்கிலும் விதிக்கப்படுகிறது, அதனால் செல்லாது என்றார்கள். அப்புறம் 2023-ல் சட்டமன்றமே அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொரு எல்லையும் உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்குகள் மாநில நீதிமன்றத்தின் கைக்கு வராது. மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் 1984-லேயே மாநில மரண தண்டனைச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அந்த மாநிலத் தலைநகரான பாஸ்டனில் நடந்த மாரத்தான் குண்டுவெடிப்பு வழக்கில், 2015-ல், அதே பாஸ்டன் நகரில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.