தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் உதிரிக் கல்

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வரை ரயில் கரிசல் காட்டின் நடுவே ஓடுகிறது. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் வைத்த காலை விடாது. அப்படிப்பட்ட பூமியிலும் பாதையைத் தாங்கி நிற்பது, சிமெண்ட்டோ பசையோ இல்லாமல் கொட்டி வைத்த கருங்கல் ஜல்லிதான்.

சரக்கு ரயிலில் ஓர் அச்சின் மேல் ஏறக்குறைய 23 டன் வரை ஏறும். ஒரு சக்கரத்துக்கு 11 டன்னுக்கு மேல். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஒரு சிறு நாணயத்தின் அளவு. அந்தச் சுமையைத் தண்டவாளம் பல ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. கட்டையின் அடியில் 25 முதல் 35 செ.மீ. கனத்துக்குப் பரப்பிய ஜல்லியில் அது கல்லுக்குக் கல் கைமாறி, அகன்று, மண் தாங்கும் அளவுக்கு இளைத்துத் தரையிறங்குகிறது. மழைநீரும் இடுக்குகள் வழியே வடிந்துவிடும்.

ஆற்றுக் கூழாங்கல் இதற்கு உதவாது, உருண்டுவிடும். உடைத்த கல்லின் முனைகள்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

ஆனால் ஜல்லியின் பெரிய வேலை வெயில் காலத்தில்தான். முன்பெல்லாம் 13 மீட்டருக்கு ஒரு முறை தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்கள். ரயிலின் 'தடக் தடக்' ஓசை அங்கிருந்து வந்ததுதான். இன்று கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்து ஒரே தண்டவாளமாக்கிவிடுகிறார்கள். வெப்பம் 30 டிகிரி கூடினால் ஒரு கிலோமீட்டர் எஃகு சுமார் 35 செ.மீ. நீள வேண்டும். நீள இடமில்லை. நீளாத நீளம் விசையாக உள்ளேயே அடைபடுகிறது: மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 57 டன். அது பக்கவாட்டில் நெளிந்து வெளியேறப் பார்க்கும். நெளியவிடாமல் கட்டைகளை அமுக்கிப் பிடிப்பவை, அடியிலும் இடையிலும் முனைகளுக்கு வெளியிலும் நிறைந்திருக்கும் கற்கள். ஓரத்தில் குவிந்து கிடப்பது மிச்சம் விழுந்த ஜல்லி அல்ல. வீட்டு வேலைக்கென்று அதை யாராவது கூடையில் அள்ளுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

கான்கிரீட்டில் பதித்துவிட்டால் என்ன? சென்னை மெட்ரோவில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அடித்தளம் அசையாத சுரங்கத்துக்கும் மேம்பாலத்துக்கும் அது பொருந்தும். மண் கொஞ்சம் தாழ்ந்துவிடும் இடத்தில் கான்கிரீட்டைத் தூக்கி நிமிர்த்துவது பெரும்பாடு. ஜல்லிப் பாதையையோ இயந்திரம் அப்படியே தூக்கி, இரும்பு விரல்களைக் கற்களுக்குள் செருகி, அதிரவைத்து, கட்டையின் அடியில் நெருக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடும். இதை மெதுவான ரயில்களுக்கான பழைய முறை என்று நினைத்துவிட வேண்டாம். 2007-இல் பிரான்ஸின் ரயில் மணிக்கு 574.8 கி.மீ. வேகத்தைத் தொட்டது ஜல்லிப் பாதையில்தான்.

உழைப்பு மட்டும் ஓயாது. ரயில்கள் ஓட ஓடக் கல்லின் முனை மழுங்கும். துகளும் சேறும் இடுக்கை அடைத்தால் நீர் தேங்கும். அப்போது ஜல்லியைத் தோண்டி, சலித்து, திரும்பப் போட வேண்டும். அப்படிக் கலைத்த கற்களின் பிடி தளர்ந்திருக்கும் என்பதால் அந்த இடத்தில் சில நாள்கள் ரயில்களை மெதுவாக விடுகிறார்கள். மேலே போகும் ஒவ்வொரு ரயிலும் கற்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போகிறது.