நனைந்த சுவரெல்லாம் ஓதம் இல்லை

மாரி தொடங்கினால் போதும், "தம்பி, சுவர் ஓதமடிக்குது, என்ன பெயின்ற் அடிக்கலாம்?" என்று போன் வரத் தொடங்கிவிடும். பெயின்ற் கதை பிறகு. அந்தத் தண்ணீர் நிலத்தால் ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா, குழாயில் கசிகிறதா, இல்லை காற்றிலிருந்தே வந்து படிகிறதா என்று பார்க்காமல் செலவழிக்கும் காசு வீண்.

முதல் மூன்றும் பெரிய கஷ்டமில்லை. நிலத்தால் ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று நான்கு அடியோடு நிற்கும், வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். பிளாற் (கொங்கிறீற் கூரை) ஒழுக்கு மழையோடு வரும். குழாய்க் கசிவுக்கு மாரியும் கோடையும் ஒன்றுதான்.

ஆட்கள் ஏமாறுவது நான்காவதில். 30 பாகைச் சூட்டில் ஈரப்பதன் 80 சதவீதம் என்றால், ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஏசியை 20இல் விட்டுத் தூங்கும் வீடுகளில் அறைக்குள்ளே சுவர் காய்ந்திருக்க, அதே சுவரின் மறுபக்கம், விறாந்தையில், வியர்த்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று சுவரைக் கொத்த மேசனையே கூப்பிட்டுவிட்டார்கள்; அந்தச் சுவருக்குள் குழாயே இல்லை.

லண்டனில் இருக்கும் மகன் "ஜன்னலைத் திறந்து விடுங்கோ அம்மா" என்பார். அங்கே குளிர்காலத்து வெளிக்காற்றில் நீராவி குறைவு, அது சரி. இங்கே கார்த்திகையில் ஏசி ஓடும் அறையின் ஜன்னலைத் திறந்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே விடுகிற மாதிரி. ஏசியை 26, 27க்கு உயர்த்துங்கள், அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

தகரக் கூரையும் இப்படித்தான். தை, மாசிப் பனியில் விடியப்புறம் சொட்டி, வெயில் ஏற நின்றுவிட்டால், ஆணி ஓட்டை தேடித் தார் பூச வேண்டாம், தகரத்தின் அடியில் படிந்த பனிநீர் அது.

சந்தேகமென்றால் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, சமையலுக்குப் பாவிக்கிற அலுமினியத் தாளை ஒரு சாண் வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஏசி வழமைபோல ஓடட்டும். வெளிப்பக்கம் துளி நின்றால் காற்றின் ஈரம். உரிக்கும்போது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம்.

அப்புறம் ஒரு குழப்பம். உவர்க்கிணற்றுத் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ சாந்து குழைத்த வீடுகள் தீவுப்பக்கம் இருக்கின்றன. அந்த உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுக்கும். மழையே இல்லாத மப்பு நாளில் சுவர் திட்டுத்திட்டாகக் கறுத்து, வெயில் வர வெளிறும். பார்க்க வியர்வை மாதிரித்தான், ஆனால் வெறுமனே வியர்த்த சுவரில் உப்புப் பூக்காது. இதன்மேல் நீர்புகா பெயின்ற் அடித்தால் கொப்பளித்து உரியும். பூச்சைக் கொத்தி எடுத்து நல்ல தண்ணீரில் புதிதாகப் பூச வேண்டும். அதுவரை வெள்ளையாகப் பூத்த உப்பைக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த தும்புத்தடியால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள்.